கப்பல் சண்டைக்கு ஒரு நீல பெட்ஷீட் போதாதா?

2024 மே 18

குட்டிப் பொம்மைகளை வைத்து மேசையில் பழைய போர்களை ஆடும் விளையாட்டைப் பற்றி ரோஸ் ஹில் வாசகர் ஒருவரின் கேள்வி: "தரைப்படை விளையாட்டுக்கு மலை, மரம், வீடு எல்லாம் செய்கிறீர்கள், சரி. கப்பல் சண்டைக்கு எதற்கு ஐயா காட்சியமைப்பு? கடல் தட்டை. நீல பெட்ஷீட் ஒன்றை மேசையில் விரித்தால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கலாம்."

மே 18, இரவு

நடுக்கடல் சண்டை என்றால் நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் நான் இரண்டு வருடமாக மல்லுக்கட்டுவது கிராண்ட் போர்ட் போரோடு, 1810 ஆகஸ்ட். நான் இருப்பது மொரீஷியஸ் தீவின் மாயேபூரில். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்தக் கடல்தான்.

தெரியாதவர்களுக்காக: இந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. குடாவின் வாயிலில் இல் தெ லா பாஸ் என்று ஒரு குட்டித் தீவு, அதில் ஒரு கோட்டை. ஆகஸ்ட் 13 இரவு ஆங்கிலேயர் அதைப் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் துப்பெர்ரே என்ற தளபதியின் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தபோது அவர்களை ஏமாற்றக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டார்கள். அப்படியும் பிரெஞ்சுக் கப்பல்கள் உள்ளே நுழைந்து கரையோரம் நங்கூரம் போட்டுக்கொண்டன. 23ஆம் தேதி மாலை ஆங்கிலேயரின் நான்கு ஃப்ரிகேட் போர்க்கப்பல்கள் (சிரியஸ், நெரேய்ட், மஜிசியென், இஃபிஜெனியா) அவற்றைத் தாக்கப் போயின. சிரியஸும் மஜிசியெனும் பவளப் பாரில், அதாவது பவளப் பாறைத் திட்டில், ஏறி நின்றுவிட்டன. இறக்க முடியவில்லை, கடைசியில் ஆங்கிலேயர் தாங்களே கொளுத்தினார்கள். நெரேய்ட் மட்டும் எதிரிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து தனியாக மாட்டிக்கொண்டது. அதில் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 230 பேர். இஃபிஜெனியா கோட்டைக்குத் திரும்பிப் போய், சில நாளில் சரணடைந்தது. பாரிஸ் வெற்றி வளைவில் இந்தப் போரின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் பக்கம் நான்கு கப்பல். அவர்களுக்காக அதிகம் உழைத்தது கடலுக்கு அடியில் இருந்த பார். அதை பெட்ஷீட்டில் எங்கே வைப்பது, சொல்லுங்கள்?

மே 19

அளவைப் பற்றிக் கேட்டார்கள். என் கப்பல்கள் 1/1200. ஒரு ஃப்ரிகேட் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குடாவின் வாயிலிருந்து மாயேபூர் கரை வரை அதே அளவில் போட்டால் நாலு மீட்டர் மேசை வேண்டும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசை 1.8 மீட்டர். அதிலும் ஒரு ஓரம் எப்போதும் ஊறுகாய் பாட்டில்களுக்குச் சொந்தம்.

மே 26

மேலே சொன்ன கணக்குத் தப்பு. வரைபடத்தை வைத்து மறுபடி அளந்தேன். தூரம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர், ஆகவே 1/1200இல் ஐந்து மீட்டர் மேசை. அதனால் கப்பலுக்கு ஒரு அளவு, தூரத்துக்கு ஒரு அளவு என்று பிரித்துவிட்டேன். தூரம் 1/3300, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 33 மீட்டர். இப்படிச் செய்தால் 45 மீட்டர்க் கப்பல் மேசையில் 120 மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். உண்மையான கால்வாயை அப்படியே வரைந்தால் எந்தக் கப்பலும் திரும்பக்கூட முடியாது. கால்வாயை இரண்டரை மடங்கு அகலமாக்கினேன். பொய்தான். கப்பல் விளையாட்டு ஆடும் எல்லாரும் சொல்கிற பொய்.

ஜூன் 2

கரை வேலை. சிங்க மலை 480 மீட்டர், என் அளவில் பதினாலரை சென்டிமீட்டர். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, ரொட்டிக் கத்தியால் செதுக்கினேன். படுத்திருக்கிற சிங்கம் அழகாகவே வந்தது. சாயங்காலமே முடித்துவிடும் அவசரத்தில் ஸ்ப்ரே பெயின்டை எடுத்து அடித்தேன். பத்து எண்ணுவதற்குள் சிங்கத்துக்கு மூக்கு இல்லை, அப்புறம் முகமே இல்லை. ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்தான். முதலில் மரப்பசையில் தண்ணீர் கலந்து இரண்டு கை பூச வேண்டும், காய்ந்த பிறகு தண்ணீர்ப் பெயின்டைத் தூரிகையால் அடிக்க வேண்டும். இரண்டாவது சிங்கம் அப்படித்தான் பிழைத்தது.

செடிகொடிக்குக் காய்ந்த தேயிலைச் சக்கை. நம் ஊர் வெனிலாத் தேயிலை என்பதால் மலை மணக்கிறது. மணலுக்கு ரவை. கால்வாயைக் காட்டும் மிதவைகளுக்குக் கிராம்பு: தலையும் காம்புமாக அது பிறக்கும்போதே மிதவைதான், வெள்ளை பெயின்டில் ஒரு முக்கு முக்கினால் போதும். இந்த யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. துப்பெர்ரே ஆங்கிலேயரைக் குழப்புவதற்காக மிதவைகளை இடம் மாற்றி வைத்தார். ஆகவே மேசையில் இவை வெறும் அலங்காரம் இல்லை, பிரெஞ்சு ஆட்டக்காரருடைய ஆயுதம்.

ஜூன் 3

ரவையில் எறும்பு.

ஜூன் 4

ரவைதான் வேண்டும் என்றால் மேலே வார்னிஷ் அடித்து மூடுங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் ரவையை விட்டுவிட்டேன். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடைக்கும் கருங்கல் தூளைச் சலித்து, வெளிர் பெயின்ட் அடித்தால் மணல்தான். கடற்கரைப் பவள மணலை அள்ளாதீர்கள். தப்பு, சட்டப்படியும் தப்பு.

ஜூன் 15

ஒரு திருத்தம், மானம் போகிற திருத்தம். கரைக்குப் பின்னால் முழுக்கக் கரும்புத் தோட்டம் போட்டிருந்தேன். கரும்புச் சக்கையைப் பொடித்துப் பச்சைச் சாயம் ஏற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் நிமிர்த்தி, மூன்று வாரக் கடைசி வேலை. படம் அனுப்பியதும் போர்ட் லூயியில் இருந்து ஒரு நண்பர் கேட்டார்: "1810இல் அவ்வளவு கரும்பு ஏது?" கேட்டது சரிதான். மொரீஷியஸ் சர்க்கரைக்கு ஆங்கிலேயர் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சமமாக வரி வைத்தது 1825இல். தீவு முழுக்கக் கரும்பாகப் போனது அதற்குப் பிறகு. நான் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறதோ அதை மேசையில் வைத்துவிட்டேன். மாயேபூரே அப்போது ஐந்தாறு வயது ஊர். வீடுகளை ஏழாகக் குறைத்து, கரும்பைக் காடாக மாற்றினேன். சக்கை மிச்சம் நிறைய இருக்கிறது, வேண்டியவர்கள் கேளுங்கள்.

ஜூன் 16

கடல். ஒட்டுப்பலகையில் மரப்பசை, அதன் மேல் டிஷ்யூ தாளைக் கசக்கி ஒட்டினால் சிற்றலை. காய்ந்ததும் கால்வாய்க்குக் கருநீலம், பாருக்கு வெளிர்பச்சை, மேடான இடத்தில் பழுப்பு, கடைசியாகப் பளபளப்பு வார்னிஷ் மூன்று கை. பலகைக்கு அடிப்பக்கமும் பெயின்ட் அடியுங்கள். இந்த ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் அடித்த பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

வந்த எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் விளையாட உட்கார்ந்தோம். சிரியஸை நகர்த்திய அக்கா மகன் வெளிர்பச்சையைப் பார்த்தான், கருநீலத்திலேயே போனான், பிரெஞ்சுக் கப்பலான பெலோனுக்கு எதிரே நங்கூரம் போட்டான். பார் எங்கே என்று நானே பெயின்ட் அடித்துக் காட்டியிருக்கிறேன், வேறென்ன செய்வான்?

பாரை மறைக்க வழிகள் இருக்கின்றன. கட்டங்களில் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கலாம், ஆனால் கடலில் சீட்டுக்கட்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காது. நடுவர் ஒருவர் ரகசிய வரைபடத்தோடு உட்காரலாம். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1824இல் ராணுவத்துக்குக் கொண்டுவந்த போர் விளையாட்டே அப்படித்தான், எதிரி எங்கே என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். எங்கள் கூட்டத்தில் மொத்தம் நாலு பேர். ஒருவரை நடுவராக்கினால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

ஜூன் 29

வேறு யோசனை. கப்பலின் அடித்தட்டில் சின்னக் காந்தம், மேலே விரித்த துணிக்கு அடியில் ஆங்காங்கே இரும்பு வாஷர். கப்பலை நகர்த்தும்போது வாஷர் மேல் வந்தால் 'டக்' என்று நின்றுவிடும். பகடை வேண்டாம், நடுவர் வேண்டாம்.

கடற்கரை ஊர், துருப்பிடிக்கும் என்று புத்திசாலித்தனமாகத் துருப்பிடிக்காத எஃகு வாஷர் நாற்பது வாங்கி வந்தேன். காந்தம் ஒட்டவே இல்லை. அந்த வகை எஃகைக் காந்தம் சீந்தாது. கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்றார். அவர் மேல் தப்பில்லை.

ஜூலை 7

சாதா இரும்பு வாஷர், மேலே கான்வாஸ் துணி. அதில் நீலமும் பச்சையும் மனம்போன போக்கில் தெளித்து, நிறத்தைப் பார்த்து யாரும் பாரைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தேன். ஆட்டம் நடந்தது. சிரியஸ் 'டக்' என்று நின்றபோது அக்கா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குறைகள் இரண்டு. எல்லாக் கப்பலிலும் காந்தத்தின் ஒரே முனை கீழே இருப்பதால், பக்கத்தில் போனால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. எதிரிக் கப்பலில் ஏறிக் குதிக்கவே வழியில்லை, சண்டைக்காரக் கப்பல்கள் வெட்கப்பட்டு விலகி ஓடுகின்றன. இரண்டாவது என் மச்சான் சொன்னது. அவர் இந்தக் கரையில் மீன் பிடித்து வளர்ந்தவர். "இது பொய்த் தண்ணீர். பச்சையாக இருந்தால் மேடு, கருத்தால் ஆழம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிறத்தை நம்பாதே என்றால் நான் என்னத்தை நம்புவது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே, இவ்வளவு பளிச்சென்று நிறம் காட்டுகிற தண்ணீரில் அனுபவமுள்ள கேப்டன்கள் எப்படி ஏறி நின்றார்கள்? சிரியஸ் முந்தின நாள், 22ஆம் தேதியும் ஒரு தடவை தரைதட்டியிருக்கிறது. பாடம் கிடைத்த பிறகும் மறுபடி.

ஜூலை 21

இன்று நேரிலேயே போய்ப் பார்த்தேன். மச்சானுக்குத் தெரிந்தவரின் பிரோக் படகில் மத்தியானம் இல் தெ லா பாஸ் போனோம். போகும்போது கண்ணாடி மாதிரித் தண்ணீர், ஒவ்வொரு பாரும் கையால் வரைந்தது போலத் தெரிந்தது. சூரியன் தலைக்கு மேல் இருந்தது. கோட்டையின் இடிந்த சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே தாமதித்தோம். ஐந்து மணிக்கு மாயேபூர் பக்கம் படகைத் திருப்பினோம்.

ஒன்றும் தெரியவில்லை. சூரியன் நேர் எதிரே, மேற்கில், தாழ்ந்து நிற்கிறது. கடல் முழுக்க ஒரே பித்தளைத் தகடு. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் படகுக்கு முன்னால் பத்து மீட்டருக்கு அப்பால் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. படகோட்டி சிரித்தார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போதுதான் பாருக்குள் போக வேண்டும், இந்த நேரத்தில் இப்படி வர மாட்டோம், நீங்கள் கேட்டதால் வந்தேன் என்றார்.

23ஆம் தேதித் தாக்குதல் தொடங்கியதும் கிட்டத்தட்ட இதே நேரத்தில், இதே திசையில். கண்கூச்சம்தான் காரணம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை, இது என் ஊகம். ஆனால் ஐந்து மணிக்கு அந்தப் படகில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் அதுதான் தோன்றும்.

ஜூலை 22

ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு விஷயம்.

ஒன்று: கரையில் நின்ற பிரெஞ்சுக்காரருக்குச் சூரியன் முதுகுப் பக்கம். அவர்கள் பார்த்த கடலும் ஆங்கிலேயர் பார்த்த கடலும் வேறு வேறு. ஆகவே பிரெஞ்சு ஆட்டக்காரர் கையில் பார்களின் வரைபடத்தைக் கொடுத்துவிடலாம், அது சலுகை ஆகாது.

இரண்டு: நான் ஒரு மாதம் பாடுபட்டு அடித்த பச்சை நீலம் எல்லாம் மத்தியானக் கடல். சண்டை நடந்ததோ சாயங்காலக் கடலில். சாயங்காலக் கடலுக்கு ஒரே நிறம். ரோஸ் ஹில் நண்பரே, நீங்கள் கேட்டது பெட்ஷீட்தானே. இதோ, விரிக்கிறேன். பித்தளை நிறத்தில் யாரும் விற்பதில்லை, அலமாரியில் சாம்பல் கலந்த நீலம் ஒன்று இருக்கிறது.

ஜூலை 28

கொடி எப்படிப் பூசுவது என்று கேட்டவருக்கு: கப்பலைப் பார்த்துக் கொடியை முடிவு செய்யாதீர்கள், இந்தப் போரில் கப்பல்களின் பூர்வீகம் தலையைச் சுற்றும். நெரேய்டும் மஜிசியெனும் ஆங்கிலக் கொடியில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள், பல வருடம் முன்பே பிடிபட்டவை. பிரெஞ்சுப் பக்கம் இருந்த மினெர்வ், போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. சிலோன், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல், அதற்கு முந்தின மாதம்தான் பிடிபட்டது. விக்டரின் கதை இன்னும் மோசம்: எதிரிக் கப்பல்களைப் பிடித்தே பிழைத்த சுர்கூஃபுக்காகப் பிரான்சில் கட்டியது, ஆங்கிலேயர் பிடித்து விக்டர் என்று பெயர் வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர் திரும்பப் பிடித்தும் அந்தப் பெயரை மாற்றவில்லை. ஒரு தடவையும் கை மாறாமல் பிறந்த வீட்டுக்காகச் சண்டை போட்டவை பெலோன், சிரியஸ், இஃபிஜெனியா மூன்றும்தான்.

அக்கா மகன் பகடையில் தமிழ் எண் எழுதியிருக்கிறான். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்ணைப் பார்த்ததும் தோன்றியதாம். ௧, ௨, ௩ என்று பார்க்க அழகுதான். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ௧ எது ௬ எது என்று ஒரு சண்டை, கிராண்ட் போர்ட்டை விடப் பெரிய சண்டை.

ஆகஸ்ட் 4

பெட்ஷீட்டை எடுத்து உதறினேன். வாஷர் இருந்த ஒவ்வொரு இடத்திலும் வட்ட வட்டமாகத் துரு. முப்பத்திரண்டு பார்களும் துல்லியமாகப் பதிந்திருக்கின்றன. உலகத்திலேயே தானாக வரைபடம் போடும் பெட்ஷீட் இதுதான். அது அலமாரியில் கிடந்த பழையது என்று நினைத்திருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு வந்ததாம். மனைவி இதைப் பற்றி என்னோடு இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். காந்தம் பலகையில், வாஷர் கப்பலின் அடியில், பெயின்ட் பூசி. காந்தத்துக்கு நிக்கல் முலாம் இருப்பதால் துரு வராது, கப்பல்களும் ஒன்றையொன்று தள்ளாது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஜூன் 29 குறிப்பைப் படித்துவிட்டு யாராவது செய்யத் தொடங்கியிருந்தால் மன்னிக்கவும்.

ஆனால் மச்சான் ஒரு திருட்டு கண்டுபிடித்தார். கப்பலை மெல்ல, மிக மெல்லத் தள்ளினால், நிற்பதற்கு முன்பே விரலில் ஒரு இழுப்புத் தெரிகிறது. உடனே "இல்லை, இந்தப் பக்கம் போகிறேன்" என்கிறார். அதனால் விதி: திசையையும் தூரத்தையும் முதலில் தாளில் எழுத வேண்டும், அப்புறம் எதிராளி ஸ்கேலால் தள்ளுவார்.

இன்னொன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காந்தங்களை இடம் மாற்றுகிறேன். "அப்படியானால் இது கிராண்ட் போர்ட்டே இல்லை, வரலாற்றுக்கு விரோதம்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். உண்மையான இடத்திலேயே வைத்தால் இரண்டாவது ஆட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஆங்கிலேயர் எல்லாரும் ஞானிகளாகிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பதும் வரலாறுதானே. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆகஸ்ட் 25

நேற்று சனிக்கிழமை ஆட்டம், 214ஆம் ஆண்டு என்று சொல்லிக்கொண்டு. காதோ பிமான் (மிளகாய் வடை) ஒரு தட்டு வந்தது, விக்டரின் பாயில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது.

எட்டுச் சுற்று முடிந்தால் இருட்டு என்று விதி. அக்கா மகன் புதிதாக ஒன்று கேட்டான்: படகை முன்னே அனுப்பி ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்த்துக்கொண்டே போகலாமா? போகலாம், ஆனால் பாதி வேகம் என்றேன். இரண்டு பாரைக் கண்டுபிடித்து அழகாக விலகினான். ஆறாவது சுற்றில்தான் கவனித்தான், பெலோன் இன்னும் நாற்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பொறுமை போய், படகைத் தூக்கிவிட்டு முழுப் பாயும் விரித்தான். சிரியஸ் தப்பியது, இஃபிஜெனியா 'டக்'. மஜிசியென் மச்சான் இடம் மாற்றி வைத்திருந்த கிராம்பை நம்பிப் போய், அதுவும் 'டக்'.

நெரேய்டுக்கு இந்தத் தடவையும் அதே கதி. நங்கூரக் கயிறு அறுந்து, அமரம் பெலோன் பக்கம் திரும்பிவிட்டது. பின்பக்கத்திலிருந்து நீளவாக்கில் சுட்டால் ஒரு குண்டு கப்பல் முழுக்கப் புகுந்து போகும், இரண்டு மடங்கு சேதம். மச்சான் இரண்டு ௬ போட்டார். ௬தான், எல்லாரும் எழுந்து வந்து பார்த்தோம்.

பிரெஞ்சு வெற்றி, ஆனால் மினெர்வும் சிலோனும் கரையில் ஏறிவிட்டன. நிஜத்திலும் அப்படித்தான் ஆயிற்று. எரிகிற மஜிசியெனுக்குப் பஞ்சும் உள்ளே குட்டி விளக்கும் வைத்தோம். சாம்பிராணி வைக்கலாம் என்ற யோசனை வாக்கெடுப்பில் தோற்றது, வாக்களித்தவர் மனைவி ஒருவர்தான்.

ஆட்டம் முடிந்து அக்கா மகன் கேட்டான், இரண்டு பக்கக் கேப்டன்களும் என்ன ஆனார்கள் என்று. துப்பெர்ரேக்கு முகத்தில் காயம், நெரேய்டின் கேப்டன் வில்லோபிக்கு ஒரு கண் போயிற்று. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அந்த வீடு இப்போது நம் ஊர் மியூசியம். பள்ளியில் கூட்டிப் போனார்களே என்றேன். அங்கே இருக்கிற கப்பல் மணியைப் பார்த்த ஞாபகம் மட்டும் இருக்கிறதாம்.

செப்டம்பர் 1

அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். அதே வருடம் நவம்பர் 29, தீவின் வட கோடியில் கப் மாலெரே பக்கம் ஆங்கிலேயர் படை இறங்கியது, டிசம்பர் 3 தீவு கை மாறியது. அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். கரும்புக்கு ஆள் கொண்டுவருவதற்கு முன்பே துப்பாக்கியோடு இங்கே இறங்கியவர்கள். ஆறு மில்லிமீட்டர் உருவத்தில் சிவப்புச் சட்டை பூசத் தொடங்கியிருக்கிறேன். கரையிறங்குகிற படகுகளைக் காய்ந்த புளியங்கொட்டைத் தோலில் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை.

ரோஸ் ஹில் நண்பரே, ஒரு சந்தேகம். மே மாதம் நீங்கள் சொன்ன அந்த நீல பெட்ஷீட் உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறதா? இரட்டைக் கட்டில் அளவா? எலுமிச்சையும் உப்பும் போட்டு மூன்று தடவை தேய்த்துவிட்டேன், துரு போகவில்லை.